குக்கருக்குள் 14 மணி நேரம்

நெடுந்தூர விமானத்துக்குள் நம் உடம்புக்கு என்ன நடக்கிறது? தெரிந்துகொள்ளச் சமையலறைக் குக்கரே போதும். முதலில் அதன் பாகங்களைப் பாருங்கள். கெட்டியான பாத்திரம், ரப்பர் கேஸ்கெட், மேலே வெயிட், மூடியில் ஒரு சேஃப்டி வால்வு. வெளியே இருப்பதைவிட அதிகமான அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான் இவை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. பறக்கும் விமானமும் அதையேதான் செய்கிறது. அது ஜன்னல் வைத்த நீளமான குக்கர். உள்ளே அரிசிக்குப் பதில் நாம்.

ஏன் அப்படி அடைத்து வைக்க வேண்டும்? 36,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூடத் தேறாது. குளிரோ மைனஸ் 55 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் காற்றை அப்படியே சுவாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தடுமாறும். ஆகவே காற்றை அழுத்தி, இதமான சூட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே நிரப்புகிறார்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான விமானங்களில் எஞ்சினிலிருந்துதான். எஞ்சின் வெளிக்காற்றை இழுத்து அழுத்தும்; அதில் எரிபொருள் கலப்பதற்கு முன்பே ஒரு பங்கைப் பிரித்து எடுத்து, ஆறவைத்து, உள்ளே அனுப்புவார்கள். போயிங் 787 மட்டும் இதற்கென்றே தனி மின்சாரக் கம்ப்ரஸர்களை வைத்திருக்கிறது.

அடுத்து, மூடி. உள்பக்கமாகப் போட்டு மூடும் குக்கரில் நீராவி ஏற ஏற மூடி விளிம்போடு இறுகிக்கொள்ளும்; எவ்வளவு பலம் போட்டாலும் திறக்காது. பெரும்பாலான விமானக் கதவுகளும் இந்த வகைதான். உள்ளே இருக்கும் அழுத்தமே கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். ஆகவே உச்சியில் பறக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

பிறகு வெயிட். விமானத்தின் பின்பகுதியில் ஒரு வால்வு இருக்கிறது. குக்கர் அவ்வப்போது விசில் அடிக்கும்; இந்த வால்வோ எப்போதும் கொஞ்சம் திறந்தே இருந்து, காற்றைச் சீராக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் புதுக்காற்று வர, மறுபக்கம் பழையது போகிறது. உள்ளேயே சுற்றும் பங்கும் மிக நுண்ணிய வடிகட்டி வழியாகத்தான் திரும்பி வருகிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேபின் காற்று மாறிவிடும். அந்தக் காற்றும் முன்னிருந்து பின்னாக ஓடாது. தலைக்கு மேலிருந்து அந்தந்த வரிசையின் காலடிக்கு இறங்கும். ஆகவே கடைசி வரிசையில் இருமுகிறவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பக்கத்து சீட்டில் இருமினால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கேள்வி: எவ்வளவு அழுத்தம்? நம் வீட்டுக் குக்கர் வெளியே இருப்பதைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். விமானத்தின் உடல் தாங்குவது சுமார் 0.6 கிலோதான். கூட்டினால் உடலை இன்னும் கனமாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் உப்பி, அடங்கி, அலுமினியமும் சோர்ந்துபோகும். ஆகவே கடல் மட்டத்துக் காற்றை அவர்கள் நமக்குத் தருவதில்லை, மலைக்காற்றைத் தருகிறார்கள். கேபினுக்குள் 8,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தம் வரை குறையலாம் என்பது விதி. ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது பழைய ரக விமானத்தில் நீங்கள் ஊட்டிக்கும் மேலே, தொட்டபெட்டா சிகரத்துக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருக்கலாம். 787, ஏர்பஸ் ஏ350 இரண்டின் உடலும் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது. அது உலோகத்தைப் போலச் சோர்வதில்லை என்பதால் கேபினை 6,000 அடி அளவில் வைக்கிறார்கள். அது குன்னூர் உயரம். 14 மணி நேரப் பயணத்தில் தலைவலியும் களைப்பும் குறைய இந்த வித்தியாசம் உதவும்.

எனவே டிக்கெட் பார்க்கும்போது விமான எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கும் குறியைப் பாருங்கள். 788, 789 என்றால் போயிங் 787. 359 என்றால் ஏ350. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றவும் செய்வார்கள் என்றாலும், விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது இந்தக் குறிதான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். வெளியே உள்ள உறைகுளிர்க் காற்றில் நீராவி கிட்டத்தட்ட கிடையாது. அதைச் சூடாக்கி உள்ளே விடும்போது விமானம், தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றிய குக்கர் ஆகிவிடுகிறது. ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதத்தில்தான் நிற்கும். உதடு வெடிக்கும், மூக்கு வறளும், கான்டாக்ட் லென்ஸ் உறுத்தும். ஆகவே தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மதுவைத் தவிர்ப்பது நல்லது. அது ஈரத்தையும் கெடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும்.

பிறகு வாயு. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றிலுள்ள காற்றும் அப்படியே கால் பங்குக்கு மேல் விரிகிறது. ஆகவே கிளம்பும் நாளில் மொச்சை, ராஜ்மா, சோடா வேண்டாம். இட்லி, தயிர்சாதம் போதும்.

இறங்கும்போது நடப்பது நேர்மாறு. பறக்கும்போது பாதி குடித்த பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி வைத்துவிட்டு, தரை தொட்டதும் எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். காதுக்கும் அந்த அழுத்தம்தான். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று, தொண்டைக்குப் போகும் ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான் சமன் ஆகிறது. சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய், சோற்றுப் பருக்கை அடைத்த வெயிட் துளைபோல் ஆகிவிடும். ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே விழித்துக்கொள்ளுங்கள். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். சளி கடுமையாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

கால் விஷயத்தில் குக்கர் உதவாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் கால் ரத்தம் மேலே ஏறும். மடக்கிய காலோடு அசையாமல் இருந்தால் அது தேங்கும், சில சமயம் உறையும். 4 மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். பீதி வேண்டாம், அசைவு வேண்டும். ஓரத்து சீட் எடுங்கள். கால் நீட்ட வேண்டிய இடத்தில் பையைத் திணிக்காதீர்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், விழித்திருக்கும்போது அவ்வப்போது எழுந்து நடங்கள். கர்ப்பிணிகள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள் டாக்டரிடம் அழுத்தக் காலுறை பற்றிக் கேளுங்கள். நீங்களாக ஆஸ்பிரின் போட வேண்டாம்.

இப்போது விலை. ஒரே எகானமி வகுப்புக்குள் விமானக் கம்பெனி பல விலை அடுக்குகளை வைத்திருக்கும். மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். மலிவு அடுக்கில் மூன்றே சீட் மிச்சமிருக்க, நீங்கள் நான்கு பேருக்குத் தேடினால், பெரும்பாலும் நால்வருக்குமே மேல் அடுக்கின் விலைதான் காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், பிறகு நால்வருக்கு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் பிரித்து வாங்கலாம்.

அடுத்து, வழி. சென்னையிலிருந்து நியூயார்க் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேர் விமானம் இல்லை. துபாய் வழியாகப் போனால் சுமார் 4 மணி நேரம், பிறகு ஒரே மூச்சாக 14 மணி நேரம். லண்டன் வழியாகப் போனால் சுமார் 11, பிறகு 8. முழங்கால் வலி உள்ள பெற்றோருக்கு இந்த 11-8 பிரிப்பே நல்லது. பாதியில் இறங்கி நடக்க முடியும். ஆனால் ஒவ்வொரு இறக்கமும் காதுக்கு ஒரு சோதனை. ஆகவே இரண்டு மூன்று இடத்தில் நிற்கும் மலிவு டிக்கெட் காலுக்கு இதமாக இருந்தாலும் காதுக்குக் கஷ்டம். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனியுடையது. இடையில் இறங்கும் நாட்டுக்கு டிரான்சிட் விசா தேவையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது.

ஆகவே வரிசை இது: முதலில் எத்தனை இறக்கம், பிறகு எந்த விமானம், பிறகு எந்த சீட், கடைசியில்தான் விலை. அந்த விலை கட்டுப்படி ஆகவில்லையா? மே-ஜூன் விடுமுறையையும் டிசம்பரையும் விட்டு முன்னே பின்னே தேடுங்கள். மலிவு அடுக்குகள் காலியாகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். தேதியை மாற்றுங்கள், விமானத்தை மாற்றாதீர்கள்.