மூளை உறைக் காய்ச்சலும் முதுகு ஊசியும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

“குழந்தைக்கு ஜன்னி கண்டுவிட்டது” என்ற பேச்சு நம் திருச்சி வட்டாரத்து வீடுகளில் இன்றும் கேட்கக்கூடியதே. காய்ச்சலோடு கை கால் இழுத்தால் ஜன்னி என்பார்கள், வேப்பிலை அடிப்பார்கள், திருநீறு மந்திரித்துப் பூசுவார்கள். காய்ச்சலில் வரும் இழுப்பு எல்லாமே ஆபத்தானது அல்ல. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள சில குழந்தைகளுக்குச் சாதாரணக் காய்ச்சலிலும் இழுப்பு வந்து நின்றுவிடும். ஆனால் இதே வேடத்தில் வரும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதுவே பாக்டீரியாவால் உண்டாகும் மூளை உறைக் காய்ச்சல். மருத்துவர்கள் இதை மெனிஞ்சைட்டிஸ் என்பர். இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர் இறக்கிறார், 5 பேருக்கு ஒருவர் கடும் பாதிப்புடன் வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜன்னி என்ற ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் அடைத்துவிடுவதால்தான் நேரம் வீணாகிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியுள்ளன. உறைகளுக்கு இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடுகிறது. இந்நீரில் கிருமி புகுந்துவிட்டால் அதைத் தடுக்க அங்கே போதிய காவல் இல்லை.

ஒரு மாதம் கடந்த குழந்தைகளைத் தாக்குவோரில் முக்கியமானவர் மூவர்: ஹீமோபிலஸ் இன்புளுயன்சா ‘பி’ வகை, நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ். மூவரும் நலமாக இருப்பவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமின்றிக் குடியிருப்பவர்கள். இருமலிலும் தும்மலிலும் தெறித்து அடுத்தவர் தொண்டைக்குப் போகிறார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. சிலருக்கு மட்டும் கிருமி இரத்தத்தில் கலந்து மூளை உறையை அடைகிறது. பிறந்து ஒரு மாதத்திற்குள் வரும் நோய்க்கோ பெரும்பாலும் பிரசவப் பாதையில் தொற்றும் ஈ.கோலி, ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை காரணம்.

யாருக்கு ஆபத்து மிகுதி?

முதற்காரணம் வயது. 1931-இல் மார்கரெட் பிட்மன் என்ற அமெரிக்க அம்மையார், ஹீமோபிலஸ் கிருமிகளில் சில தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான உறை அணிந்திருப்பதைக் கண்டறிந்தார். ‘பி’ வகையின் கொடுமைக்கு அந்த உறையே கவசம். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள் சில மாதங்களில் குழந்தையிடம் தீர்ந்துவிடுகிறது. சர்க்கரை உறையை எதிர்க்கும் ஆற்றல் குழந்தைக்குத் தானாக வருவதற்கோ ஏறத்தாழ 2 வயது ஆகிறது. இந்த இடைவெளியில்தான் கிருமி நுழைகிறது.

மற்றக் காரணங்களையும் நோக்குவோம். குறைமாதப் பிறப்பு, தாய்ப்பால் இன்மை, ஊட்டக் குறைவு, வீட்டுக்குள் அடுப்புப் புகையும் பீடி, சிகரெட் புகையும், மண்ணீரல் இல்லாமை அல்லது அது செயல்படாமை, ஆறாத காதுச் சீழ், மண்டையோட்டு முறிவு, தடுப்பூசி போடாமை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

நெருக்கடியும் ஒரு காரணமே. அப்படியானால் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிச் செல்லலாமா என்று கேட்கத் தோன்றும். கடந்து போகும் கூட்டத்தைவிட, ஒரே அறையில் நாட்கணக்கில் சேர்ந்து உறங்குவதே இக்கிருமிக்கு வசதி. ஒற்றை அறை வீடும் மாணவர் விடுதியும் அத்தகையன. பல நாள் கூடித் தங்கும் ஹஜ் பயணிகளிடையே 1987-இல் மெனிங்கோகாக்கஸ் பரவியது. அதனால்தான் ஹஜ் செல்வோர் அனைவருக்கும் இதற்கான தடுப்பூசி கட்டாயம்.

தடுப்பூசி செய்த வேலை

கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் ஊசியாகப் போட்டபோது கைக்குழந்தைகளிடம் பலன் இல்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துப் போட்டபோது, குழந்தையின் உடல் அதைப் பகையென அறிந்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கியது. இவ்வகைத் தடுப்பூசி 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அங்கே சில ஆண்டுகளிலேயே இந்நோய் அரிதாகிவிட்டது.

இந்தியாவில் ஹீமோபிலஸ் ‘பி’ மருந்தும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் முதலில் ஏற்றவை தமிழ்நாடும் கேரளமுமே. ஆண்டு 2011, மாதம் டிசம்பர். 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. நிமோகாக்கஸ் தடுப்பூசி நம் மாநிலத்தில் 2021-இல் வந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியோ, காசநோய்க் கிருமியால் வரும் மூளை உறைக் காய்ச்சலிலிருந்து குழந்தையைக் காக்கிறது. யாவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு தவணை தப்பினாலும் போய்க் கேட்க வேண்டும்.

முதுகு ஊசி பற்றிய அச்சம்

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பு தெரியாமலே போகலாம். பால் குடிக்க மறுத்தல், கீச்சென்ற அழுகை, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், உச்சிக்குழி புடைத்தல், காய்ச்சலோடு இழுப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் 108-ஐ அழைப்பதே முறை. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்ப்பது கெடுதல். நோய் தீராது, பின்னர் சோதனையில் கிருமியும் வளராது.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்கு விரைந்து வந்தவர்களும் ஓரிடத்தில் தயங்கக்கூடும். முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றதும், “கால் விளங்காமல் போய்விடும்” என்ற அச்சம் எழுகிறது. உண்மை என்ன? வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது மட்டத்தில் முடிகிறது. பச்சிளங்குழந்தைக்குச் சற்றுக் கீழே. ஊசி குத்துவது அதற்கும் கீழே. அங்கே தண்டுவடம் இல்லை. நீரில் மிதக்கும் நரம்பிழைகளே உள்ளன. அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். 1891-இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்க்கே விவரித்த இம்முறை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

எடுத்த நீர் தெளிந்திருக்க வேண்டும். கலங்கி, வெள்ளணுக்கள் பெருகி, புரதம் கூடி, குளுக்கோஸ் குறைந்திருந்தால் பாக்டீரியா என்று உணரலாம். எந்தக் கிருமி என்று தெரிந்தால் எந்த மருந்து, எத்தனை நாள் என்பது முடிவாகும். மூளையில் அழுத்தம் மிகுந்த குழந்தைக்கு மருத்துவரே இச்சோதனையைத் தள்ளிவைத்து முதலில் மருந்தைத் தொடங்குவார். குணமான பிறகு செவித்திறனைச் சோதிப்பதும் அவசியம். இந்நோய் காதைக் கெடுக்கக்கூடும். உட்காது எலும்பாக இறுகுவதற்குள் கண்டுபிடித்தால்தான் செயற்கைச் செவி பொருத்த எளிது.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். மருத்துவமனையில் ஒப்புதல் தாளை நீட்டும்போது வீட்டார் அதை நம் கையில்தான் தருவார்கள். “கையெழுத்துப் போடலாமா?” என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். தண்டுவடம் எங்கே முடிகிறது என்ற ஒரு வரி உடற்கூற்றியல் அந்த நேரத்தில் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும். தயங்காமல் சொல்வோம், போடலாம் என்று.