வாய் பிளந்த வளையம்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் பழைய ஸ்ப்ளெண்டர் நீலப் புகை தள்ளுகிறது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிளாக்கைக் கழற்றி, புது பிஸ்டன் ரிங்கும் வாங்கிவிட்டேன். சிலிண்டருக்குள் வைத்துப் பார்த்தால் ரிங்கின் இரண்டு முனையும் ஒட்டவில்லை. ஒரு சைஸ் பெரிய ரிங் வாங்கி, சந்தே இல்லாதபடி ராவிப் போட்டால் கம்ப்ரஷன் கூடுமா?"

கூடாது. சூடேறியதும் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் நல்ல கேள்வி. வாய் பிளந்து கிடக்கிற ஒரு வளையம் எதை அடைக்கப் போகிறது என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்?

ரிங்கை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். சுலபமாகச் சுருங்கும். இந்த வலு எங்கே, பெட்ரோல் எரியும்போது வெளிக்காற்றைப் போல முப்பது, நாற்பது மடங்கு எகிறுகிற அழுத்தம் எங்கே? ரிங் தன் பலத்தை மட்டும் நம்பியிருந்தால் வண்டியால் ஒரு மேட்டைக்கூட ஏற முடியாது. விஷயம் பிஸ்டனில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் இருக்கிறது. ரிங்கைவிட அது மயிரிழை அகலம். ஆழமும் சற்று அதிகம். மேலிருந்து பாயும் வாயு, முதலில் ரிங்கின் தலையில் அடித்து அதைப் பள்ளத்தின் கீழ்விளிம்போடு உட்கார வைக்கிறது. பிறகு மேல்பக்கத்து மயிரிழைச் சந்தில் நுழைந்து ரிங்கின் முதுகுக்குப் போய், அங்கிருந்து அதைச் சிலிண்டர் சுவரோடு வைத்து அழுத்துகிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயு தானே தன் வழியை அடைத்துக்கொள்கிறது! அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். குறைந்தால் ரிங்கும் தளர்ந்து உராய்வைக் குறைத்துக்கொள்ளும். இதை இயக்க ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது.

வீட்டில் உள்மூடி குக்கர் இருந்தால் இதே வித்தையைத் தினமும் பார்க்கிறீர்கள். மூடி விளிம்புக்கு உள்ளே இருக்கும். நீராவி அதை மேலே தள்ளித் தள்ளியே இறுக்கும். ஆவி அடங்காமல் திறக்க முடியாது. இப்போது அந்த மூடி குக்கருக்குள் மேலும் கீழுமாக நொடிக்கு 80 தடவைக்கு மேல் ஓடுகிறது, அடியில் எண்ணெய் தெறிக்கிறது, உள்ளே பருப்புக்குப் பதில் தீ எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இழுத்தால் உவமையின் கேஸ்கெட் கிழிந்துவிடும்.

சரி, அந்தச் சந்து? உங்கள் சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., சுற்றளவு 157 மி.மீ. வார்ப்பிரும்பு ரிங் சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.17 மி.மீ. நீளும். நீள இடம் இல்லையென்றால் முனைகள் முட்டிக்கொண்டு, ரிங் சுவரைச் சுரண்டத் தொடங்கும். சந்து வழியே வாயு ஒழுகாதா என்றால், ஒழுகும். ஆனால் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதற்குள் எவ்வளவு ஒழுகிவிடும்?

வரலாறு கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் ரயில் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் இந்த வெட்டு வளையத்தைப் பற்றி 1854-ல் பொறியாளர் சங்கத்தில் விளக்கினார். அதற்கு முன் பல நீராவி பிஸ்டன்களைச் சுற்றி நார் திணித்தார்கள். அவ்வளவு போதும்.

'ஒரு பாட்டில் ஊற்றினால் தேய்ந்த என்ஜின் புதிதாகும்' என்று விற்கிறார்களே, அதற்கு வருவோம். தேய்ந்து போன இரும்பைத் திருப்பித் தரும் திரவம் எதையும் நான் பார்த்ததில்லை. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு கிக்கரை மிதித்தாலே இறுக்கம் தெரியும். எண்ணெய் கொஞ்ச நேரம் சந்தை அடைக்கும், அவ்வளவுதான். மெக்கானிக்குகள் இதையே சோதனையாகச் செய்வார்கள்: எண்ணெய் விட்டதும் இறுகினால் கோளாறு ரிங்கில் அல்லது போரில் (சிலிண்டரின் உள்துளையில்), இறுகாவிட்டால் வால்வைப் பார்.

புது ரிங் போட்டதும் 500 கி.மீ. மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ரிங்கை அழுத்துவதே வாயு என்றால், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓட்டினால் அது எப்படிச் சுவரோடு பழகும்? முழுசாக முறுக்க வேண்டாம். ஆனால் மிதமாக முறுக்கி விடுவதும் தளர்த்துவதுமாக ஓட்டலாம்.

நானும் ஒருமுறை பால்கனியில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். பிளாக்கை இறக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டாவது ரிங் இரண்டு துண்டு. வார்ப்பிரும்பு வளையாது, ஒடியும். அன்றைக்கே பிஸ்டன் பின்னின் சர்க்ளிப் ஒன்று துள்ளி அடியில் கிராங்க் கேஸுக்குள் விழுந்தது. அந்த வாயில் முதலில் ஒரு பழந்துணியைத் திணித்து வையுங்கள். ரிங்கில் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே வர வேண்டும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத அந்தச் சந்து ஓர் அளவுகோலும்கூட. ரிங்கைச் சிலிண்டரின் அடிப்பகுதியில், தேய்மானம் இல்லாத இடத்தில் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் சந்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு மேலே, ரிங் ஓடித் தேய்ந்த இடத்தில் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 0.3 மி.மீ. வித்தியாசம் என்றால் போர் 0.1 மி.மீ. அகன்றிருக்கிறது. அப்படிக் காட்டினால் ராவுவதை நிறுத்திவிட்டு, பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.