கிழட்டு ஹெரால்டுக்கு வீட்டு வைத்தியம்

மோட்டார் ரிப்பேர் என்றதும், "இது நம் வீட்டுக்காரர் படிக்க வேண்டிய பக்கம்" என்று புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஒர்க்ஷாப் பில்லைக் குடும்பக் கணக்கில் எழுதிவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர் யார்? முகூர்த்த வேளையில் பட்டுப் புடவையும் தாமுமாக நடுரோட்டில் வேர்த்து நிற்கிறவர் யார்? அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அதிலும் தாம்பரம் பக்கத்து வாசகிகளுக்கு ஒரு விசேஷ பாத்தியதை உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், அப்புறம் வண்டலூர். 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இந்தப் பகுதியில்தான் இருந்தது. மிச்செலாட்டி என்ற இத்தாலியர் உருவம் வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று வெளிவந்த சின்னக் கார், 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயருடன் இங்கிருந்து புறப்பட்டது. அம்பாஸிடர் கல்கத்தாப் பெண், பியட் பம்பாய்ப் பெண் என்றால், ஹெரால்டு நம் ஊர்ப் பெண்!

1988-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பிறந்தகம் இல்லாத பெண்ணின் பாடுதான் அதற்குப் பிறகு. விளக்குக் கண்ணாடியோ கதவுப் பிடியோ வேண்டுமென்றால் பழைய சாமான் கடைகளில் தேடி அலைய வேண்டும். ஆகையால் இந்த வண்டியில் எதையாவது கழற்றி எறியுமுன், அது உண்மையிலேயே கெட்டதுதானா என்று பார்த்துவிடுவது நல்லது. "எதற்கும் இதை மாற்றிப் பார்ப்போம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் அலமாரியிலுள்ள மருந்தையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கொடுத்துப் பார்க்கிற வைத்தியம் அது.

ஹெரால்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மட்கார்டு, விளக்கு உள்பட அதன் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போல முன்னால் சாய்ந்து திறந்துகொள்ளும். முன் சக்கரத்தின் மீதே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். புடவைத் தலைப்பை மட்டும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், பின்னலையும் முடிந்துகொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது அங்கே சுழலும் விசிறிக்குத் தயை தாட்சண்யம் தெரியாது.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் முனகக்கூட இல்லையா? முதலில் பாட்டரியின் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கம்பிகளைக் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸலின் தடவுங்கள். பாதி வண்டிகள் இதற்கே எழுந்துவிடும்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது என்றால், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். நெருப்புப் பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா?

இந்த இரண்டு கேள்விகளும் எங்கே உதவுகின்றன தெரியுமா? கத்திரி வெயிலில் பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே, முன்னாலும் பின்னாலும் பஸ்கள் நெருக்க, வண்டி இரண்டு விக்கல் விக்கி நின்றுவிடும்போதுதான். அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். மறுநாள் ஒர்க்ஷாப்பில் காட்டினால், "நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா!" என்பார்கள். இந்த வியாதிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்ளலாம். பெட்ரோலைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. அல்லது, பொறி உண்டாக்கும் காயிலோ கண்டென்ஸரோ சூட்டில் சோர்ந்து போகலாம். இரண்டும் ஆறினால் சரியாகிவிடும் என்பதுதான் சங்கடம். ஆகவே வண்டி நின்ற சூட்டோடேயே சோதிக்க வேண்டும்.

வண்டியை ஓரம் கட்டி, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் வயரை மறுபடி மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின்மேல் படும்படி கிடத்துங்கள். கையால் பிடிக்க வேண்டாம், உதறிவிடும். கழற்றிய துவாரத்துக்குத் தள்ளியே இருக்கட்டும். இப்போது ஒருவர் சாவியைத் திருப்பட்டும். நீல நிறத்தில் 'டக் டக்'கென்று பொறி விழுந்தால் மின்சாரத்தின்மேல் குற்றமில்லை. மஞ்சளாக, நோஞ்சானாக இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ காயிலையும் கண்டென்ஸரையும் சந்தேகியுங்கள். டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் பாயின்டுகளையும் பாருங்கள். அவை முழுக்கத் திறந்திருக்கும்போது இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பாகம் இருக்க வேண்டும்.

பொறி நன்றாக இருந்தால் குற்றவாளி பெட்ரோல்தான். ஈரத் துணியைப் பிழிந்து பம்பின் மீதும் குழாயின் மீதும் சுற்றுங்கள். டிஸ்டிரிபியூட்டரில் மட்டும் நீர் சொட்டக் கூடாது. ஐந்து பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பினால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. காயில் வாங்க வைத்திருந்த பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்!

கழற்றிய பிளக்கின் முனையையும் பார்த்து வையுங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான் இதுவும். இளம் பழுப்பு ஆரோக்கியம். உலர்ந்த கரி, பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை, உள்ளே பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கிறது, செலவுக்குத் தயாராகுங்கள்.

இந்தக் காலத்துப் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் என்பது சாராயம்தான். அதற்கும் அந்தக் காலத்து ரப்பருக்கும் ஒத்துக்கொள்ளாது; குழாயும் பம்பின் சவ்வும் உப்பும், பிறகு வெடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்கள் விற்கின்றன. வாங்கிப் போட்டுவிடுங்கள். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பது சமையலறையில் பழகிய உங்களுக்குத் தெரியாததல்ல.

இனி வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாடும் தெரிந்ததே. நீர் வடிந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆவல், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க! தயவு செய்து அந்தச் சாவியைத் திருப்பாதீர்கள். பிஸ்டன் காற்றை அமுக்கும்; தண்ணீரை அமுக்க முடியாது. நடுவிலுள்ள இரும்புத் தண்டுதான் வளையும். பாட்டரிக் கம்பியைக் கழற்றுங்கள். நாலு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள். உள்ளே நீர் இருந்தால் துவாரங்கள் வழியே பீறிட்டு வெளியே வரும். எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

வீட்டு வைத்தியத்துக்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது ஒன்று. மற்றொன்று பிரேக். மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறதா? மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.