வலியை மறைப்பது வீரமன்று

குடல்வால் அறுவை முடிந்து மருத்துவமனையிற் கிடந்த என் மாணவன் ஒருவனைக் காணச் சென்றேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "அழாத பிள்ளை வீரன்" என்று பாராட்டினேன். செவிலியரோ, "ஐயா, வலிக்கு அஞ்சி இவன் இருமவும் மறுக்கிறான், நடக்கவும் மறுக்கிறான்" என்றார். என் பாராட்டு பிழையென உணர்ந்தேன்.

வயிறு வலிக்கும் பிள்ளை ஆழ மூச்சு விடான். அதனால் நுரையீரலிற் சளி தேங்கக்கூடும். உடல் தேறவும் நாளாகும். ஆகவே வலியைத் தணிப்பது இரக்கம் மட்டுமன்று. சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

வலியை அளப்பது எங்ஙனம்? பிள்ளையின் சொல்லே அளவுகோல். சொல்லத் தெரியாத சிறுவர்க்கென 1980களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்னும் இருவர் ஆறு முகப் படங்களை அமைத்தனர். சிரிக்கும் முகத்துக்கு 0. அழும் முகத்துக்கு 10. பிள்ளை விரலாற் சுட்டினால் போதும்.

பாராசிட்டமால் போன்ற மருந்தை மருத்துவர் உடல் எடைக்கேற்பக் கணித்துத் தருவார். வலி முற்றும்வரை காத்திராமல், அவர் குறித்த வேளையிற் கொடுத்தல் வேண்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். கதை சொல்லுதலும் துணை மருந்தே. வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ, மருத்துவரிடம் உடனே கூற வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நோயுற்ற தம்பியிடம் "பொறுத்துக்கொள்" என்னாதீர்கள், "எவ்வளவு வலிக்கிறது?" என்று கேளுங்கள்.