விற்பூட்டும் மரபணு வளையமும்

நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் விற்பூட்டும் ஒன்று. நாண் வில்லின் இரு முனைகளையும் இணைப்பதுபோல, செய்யுளின் முதலில் நிற்கும் சொல்லும் இறுதியில் நிற்கும் சொல்லும் தம்முள் கூடிப் பொருள் தருவது அது. இதனை ஒத்த அமைதி கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிருக்குள்ளும் காணப்படுதல் வியப்பன்றோ!

ஆர்.எஸ்.புரத்துத் திவான் பகதூர் சாலையில் காலைதோறும் நாம் அருந்தும் காப்பியில் பால் உண்டு. பாலிலுள்ள இலாக்டோசு என்னும் சர்க்கரை, குடலில் குளுக்கோசாகவும் காலக்டோசாகவும் பிரிகின்றது. அக்குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா காலக்டோசை உணவாகக் கொள்ளத் தனி நொதிகள் வேண்டும். அச்சர்க்கரை இல்லாத வேளையில் அந்நொதிகளை ஆக்குதல் வீண்விரயம். ஆதலின் அவற்றுக்குரிய மரபணுக்கள் அடங்கியிருத்தல் வேண்டும்.

மரபணுக்களின் வாயிலில் அடக்கும் பொருளொன்று காவல் நிற்கும் என 1961-இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஜேக்கப்பும் மோனோவும் விளக்கினர். ஆனால் காலக்டோசு மரபணுக்களுக்கு ஒரு காவலிடம் போதவில்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஆய்வு செய்த சங்கர் ஆத்யாவும் அவர்தம் குழுவினரும், இரண்டாவது காவலிடம் ஒன்று மரபணுவின் உள்ளேயே இருத்தலை 1983-இல் வெளியிட்டனர்.

இவ்விரு இடங்களுக்கும் இடையே டி.என்.ஏ. இழையில் ஏறத்தாழ 113 எழுத்திணைகள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் அடக்கும் புரதம் அமர்கின்றது. பின்னர் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. எச்.யு. என்னும் மற்றொரு புரதம் இடையில் அமர்ந்து இழை வளையத் துணை செய்கின்றது. படியெடுப்புத் தொடங்கும் இடங்கள் வளையத்துள் அடைபடுகின்றன, மரபணு வாசிக்கப்படுவதில்லை. காலக்டோசு வந்து அடக்கும் புரதத்தைப் பற்றியதும் பிடி தளர்கின்றது, வளையம் அவிழ்கின்றது, நொதிகள் உருவாகின்றன. அரபினோசு என்னும் சர்க்கரைக்குரிய மரபணுக்களிலும் இத்தகைய வளையம் உண்டென 1984-இல் இராபர்ட் சுலைஃப் குழுவினர் காட்டினர்.

ஒரு வேறுபாட்டையும் நாம் மறத்தலாகாது. செய்யுளில் முனைகள் கூடினால் பொருள் திறக்கும். இங்கோ கூடினால் வாசிப்பு அடங்கும். ஆயினும் அருகிருப்பது மட்டுமே உறவன்று, தொலைவிலிருப்பதும் வளைந்து வந்து சேரும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

தமிழ் பயில்வோர்க்கு அறிவியல் அயல்நிலம் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே இன்றும் உளது. இலக்கணம் கற்ற நெஞ்சுக்கு இவ்வளையம் எளிதில் விளங்குதலை நாம் கண்டோம். வீண்விரயம் தவிர்க்க என மார்க்கம் நமக்கு விதித்ததை, ஓர் அற்ப உயிரின் உள்ளமைப்பிலும் இறைவன் வைத்துள்ளான். அதனைத் தாய்மொழியிற் கற்றுணர்தல் நம் கடமை.