சீமைக் காருக்கு ஒரு வைத்தியப் புத்தகம்!

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். கோப்பை, பொம்மை, மின்சார பியூசுக்கு வைக்கும் வெள்ளைக் கட்டை, எல்லாம் அந்த ஊரில் செய்கிறார்கள். பீங்கான் வேலைக்கு அச்சுதான் உயிர். அச்சு இருந்தால் ஒன்றைப்போல் பல கோப்பைகள் வார்க்கலாம். அச்சு தொலைந்தால் அந்த உருவமே போயிற்று.

பழைய மோட்டார் காருக்கும் இப்படி ஓர் அச்சு உண்டு. அதுதான் ரிப்பேர் புத்தகம். அது இல்லாமல் எங்கள் குடும்பம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சக்கரம் மடிந்தது

விருத்தாசலத்தில் என் தாத்தா ஒரு "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார் வைத்திருந்தார். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து டிரையம்ப் கம்பெனி 1959-இல் வெளியிட்ட கார் இது. 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர்த் தொழிற்சாலையில் தயாராயிற்று. 948 சி.சி. என்ஜின். முன்பக்கம் முழுவதையும் முதலை வாய் பிளப்பதுபோல் தூக்கிவிடலாம். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்!

ஒரு நாள் மாலை தாத்தா, பாட்டி, நான் மூவரும் காரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் தாத்தா ஸ்டீயரிங்கைத் திருப்பினார். "படார்" என்று ஒரு சத்தம். இடது பக்கத்து முன் சக்கரம் மடிந்து காருக்கு அடியில் போய்விட்டது! மெதுவாக வந்ததால் உயிர் பிழைத்தோம். பாட்டி மடியில் வைத்திருந்த ஊறுகாய் ஜாடி மட்டும் உடைந்தது.

பட்டறைத் தம்பி ஓடி வந்தார்.

"போன மாதம்தானே ஐயா நிறைய கிரீஸ் வைத்தேன்! எப்படி உடைந்தது?" என்று திகைத்தார்.

"புத்தகத்தில் பார்க்கலாம், தம்பி" என்றார் தாத்தா.

புத்தகம் எங்கே? வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது!

கிடைத்தது வேறு

சென்னைக்குப் போனேன். பழைய கார் சாமான்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் உடைந்த பாகம் கிடைத்தது. புத்தகம் கிடைக்கவில்லை. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கு இரையாயிற்று. பக்கத்தில் அல்லிக்குளம் கட்டடத்தில் அந்தக் கடைகளுக்கு இடம் தந்தார்கள். அங்கே போய், "ஹெரால்டு கார் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கரி படிந்த ஒரு புத்தகத்தை நீட்டினார். அட்டையில் இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத ஒரு கார். பெயர் "டிரையம்ப் ஸ்பிட்பயர்". இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்களை விரட்டிய போர் விமானத்தின் பெயர் அது!

"சீமைத் துரைமார் உல்லாசமாக ஓட்டும் கார் ஆயிற்றே! இது எனக்கு எதற்கு?" என்றேன்.

"புரட்டிப் பாருங்கள் சார்" என்றார் அவர்.

புரட்டினேன். என்ன ஆச்சரியம்! தாத்தா காரின் முன்பக்கம் அப்படியே படத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். 1962-இல் வந்த ஸ்பிட்பயர், ஹெரால்டின் வயிற்றில் பிறந்த பிள்ளை. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே வகை என்ஜினைப் பெரிதாக்கி, இரண்டு கார்புரேட்டர் வைத்தார்கள். இரண்டு கார்களுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற ஒரே இத்தாலியர். மேலே பட்டு, உள்ளே அதே பருத்தி!

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை

இந்த மாதிரிப் புத்தகங்களைப் பரப்பியவர் யார் தெரியுமா? ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் பிறந்தது நமக்குப் பக்கத்து இலங்கையில், 1938-ஆம் ஆண்டு. தகப்பனார் அங்கே தேயிலைத் தோட்ட நிர்வாகி.

ஹெய்ன்ஸ் விமானப் படையில் சேர்ந்து 1965-இல் ஏடனுக்குப் போனார். அங்கே அவருடைய நண்பர் ஒருவர் "ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்" என்ற சிறிய பந்தயக் காரைப் பழையதாக வாங்கியிருந்தார். அதைப் பிரித்து மாட்ட இருவரும் கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்தார்கள். தொழில் தெரிந்தவனுக்காக எழுதிய புத்தகம் அது. சாதாரண மனிதனுக்கு விளங்கவில்லை. உடனே ஹெய்ன்ஸ் ஒரு கேமரா வாங்கினார். கழற்றும்போதும் மாட்டும்போதும் படிப்படியாகப் படம் பிடித்தார். 1966-இல் அது புத்தகமாயிற்று. 3,000 பிரதிகள் 3 மாதத்திற்குள் தீர்ந்தன! 2019-இல் அவர் காலமானார். அதற்குள் அவர் கம்பெனிப் புத்தகங்கள் 20 கோடிக்கு மேல் விற்றிருந்தன.

கிரீஸ் அல்ல!

சரி, எங்கள் சக்கரம் ஏன் உடைந்தது? ஊர் திரும்பி, தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

முன் சக்கரத்தைத் தாங்க ஓர் எஃகுத் தண்டு உண்டு. அதன் அடிப்பகுதி திருகுபோல மரை வெட்டியது. அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திரும்புகிறது. கட்டைக்குப் பெயர் "டிரனியன்". அதற்குள் கெட்டியான கியர் எண்ணெய்தான் விடவேண்டும். கிரீஸ் வைத்தால் அது மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே தண்ணீர் புகும். எஃகு துருப்பிடிக்கும். பிறகு ஒரு நாள் திருப்பத்தில் ஒடியும். மற்றக் கார்களுக்குக் கிரீஸ் வைத்துப் பழகிய கை, இதற்கும் கிரீஸ் வைத்துவிட்டது. தம்பியைக் குறை சொல்ல முடியுமா?

இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் புத்தகம் வாங்குமுன் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். காரில் பதித்த நம்பர்த் தகட்டை முதலில் பாருங்கள். ஸ்பிட்பயரில் எப்.சி. என்றால் முதல் இரண்டு ரகங்களில் ஒன்று. எப்.டி. மூன்றாவது, எப்.எச். நான்காவது அல்லது அதற்கு அடுத்தது. மூன்றாவது ரகத்தில் என்ஜின் 1,147-இலிருந்து 1,296 சி.சி. ஆகிவிட்டது. ரகம் மாறினால் அளவும் மாறும். காரோடு வரும் சிறு கையேடு ஓட்டுவதற்கு மட்டும். பிரிப்பதற்குப் பட்டறைப் புத்தகம் வேண்டும். சாமான் வாங்கப் பாகங்களின் பட்டியல் வேண்டும். கம்பெனியின் பழைய புத்தகங்களை இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் என்ற பதிப்பகம் மறுபடி அச்சிட்டிருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

ஸ்பேனரும் அங்குல அளவில் இருக்கவேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். நம் பட்டறையின் 13 நம்பர் ஸ்பேனர் அதில் ஏறத்தான் செய்யும். ஆனால் பலமாகத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும்!

தாத்தா வாசிக்க வாசிக்க, பட்டறைத் தம்பி காதுகொடுத்துக் கேட்டார். பிறகு ஒரு சாக்கட்டியை எடுத்துப் பட்டறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினார்:

"ஹெரால்டு முன் சக்கரம் - கியர் ஆயில். கிரீஸ் கூடாது."