பழைய வானொலிப் பெட்டியும் வீட்டுப் பொருள்களும்

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பின்னர், வசதி படைத்தோர் இல்லங்களில் இடம்பெற்ற வால்வு ரேடியோப் பெட்டிகளுட் சில இன்றும் பரண்களில் தூசி மூடிக் கிடக்கின்றன. அவற்றுக்குரிய உறுப்புக்கள் கடைகளிற் கிடைத்தல் அரிது. ஆதலின் அவற்றைப் புதுப்பிக்கப் புகுவோர் வீட்டிலுள்ள பொருள்களையே நாடுகின்றனர். இஃது இகழத்தக்க செயலன்று. எனினும், அப்பொருள்கள் எங்கே உதவும், எங்கே உயிருக்கு உலை வைக்கும் என்பதை அறிந்து தொடங்குதல் வேண்டும்.

நெடுநாள் உறங்கிய பெட்டியை நேரே மின்சாரத்தோடு இணைத்தல் ஆகாது. அதற்குச் செல்லும் கம்பியின் இடையே 60 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொள்ளல் நலம். விளக்கின் இழை குளிர்ந்துள்ளபோது மின்தடை குறைவு. சூடேறினால் பன்மடங்கு மிகும். ஆகவே, பெட்டியினுள் குறுக்குமின்னோட்டம் நேரின் விளக்கு முழு ஒளியோடு எரிந்து அதனைத் தடுத்து நிற்கும். உள்ளுறுப்புக்கள் கருகாது தப்பும். பழுதில்லையேல் விளக்கு முதலிற் சுடர்ந்து பின்னர் மங்கும்.

ஒலிபெருக்கியின் கூம்பு காகிதத்தாலாயது. பூச்சி அரித்தும் உலர்ந்தும் கிழிவது. தேயிலைப் பையின் தாளோ காற்றாடித் தாளோ அக்கிழிசலை அடைக்கப் போதும். சோற்றுப்பசை மட்டும் வேண்டா. அது பூச்சிகளுக்கு விருந்தாகும். தச்சர் கையாளும் வெண்பசையை நீர் கலந்து தடவலாம். தடித்த தாளை ஒட்டினால், அதிர்வின்போது அதன் விளிம்பிலேயே கூம்பு மீண்டும் கிழியும். பழைய வஸ்திரத்தில் இணைத்த கோடித்துண்டின் உவமையை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

நிலையங்காட்டும் முள்ளை இழுக்கும் கயிறு வழுக்கினால், வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினைச் சிறிது தேய்த்தாற் போதும். 1907-இல் பேக்லண்டு என்பார் கண்ட பேக்கலைட்டு மங்கியிருப்பின், பற்பசையும் பின்னர்ப் பழுப்புநிறப் பாதரட்சைப் பாலிஷும் அதன் மெருகை ஓரளவு மீட்கும்.

மின்னோட்டம் செல்லும் இடங்களிலோ இத்தகைய சாமர்த்தியம் செல்லாது. பியூசுக்குப் பதிலாகச் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவாரும் உளர். வீடு பற்றி எரிய வேறு விறகு வேண்டா. மெழுகூட்டிய பழைய காகிதக் கண்டென்சர்களில் மின்சாரம் கசியும். புதியனவே வாங்கல் வேண்டும். பழைய கூட்டினுள் அவற்றை மறைத்து வாயை மெழுகுவர்த்தியால் அடைப்பது அழகுக்கு மாத்திரம். செருகியை எடுத்த பின்னரும் பெரிய கண்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அளவியால் சோதியாது கை வைத்தல் தகாது. நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் இயங்கும் பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். குமிழைப் பிணிக்கும் சிறு திருகாணி வழியாகவும் அது கையைத் தாக்கக்கூடும். அதனாலன்றோ, அத்துளையை மெழுகிட்டு அடைத்தே உற்பத்தியாளர் சிலர் விற்றனர்! அம்மெழுகு உதிர்ந்திருப்பின் வீட்டு மெழுகுவர்த்தியே அதற்கு ஈடாகும்.

நிலையப் பெயர் பொறித்த கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். பல பெட்டிகளில் எழுத்துக்கள் பின்புறத்தில் வண்ணத்தாற் பதிக்கப்பட்டவை. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சென்னை, கொழும்பு, லண்டன் யாவும் துணியோடு போய்விடும். அவற்றுக்கு ஈடான பொருள் எவ்வீட்டிலும் இல்லை. முன்புறத்தை மட்டும் உலர்ந்த துணியாற் துடைக்க.